துவக்குக்கு ஏற்ற கை

அனுமதிக் கடிதம் வந்தால் ஆறு மாதத்துக்குள் கைத்துப்பாக்கியை வாங்கிவிட வேண்டும். வாங்காவிட்டால் கடிதம் செல்லாது. பிறகு எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்: வைத்தியரின் சான்றிதழ், சுடும் கழகத்தின் கையெழுத்து, பொலிஸ் விசாரணை, பிரிஃபெக்சர் என்கிற பிரெஞ்சு அரச அலுவலகத்தின் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பு. எனக்கு ஐந்து மாதம் முடிந்து, இருபத்தாறு நாள்தான் மிச்சம் இருந்தது. நான் இன்னும் ஒன்றையும் தெரிவு செய்யவில்லை.

நான்கு கடை ஏறி இறங்கிவிட்டேன். கூறைச் சேலை எடுக்கக்கூட நான் இப்படி அலைந்ததில்லை. ஒரு துப்பாக்கி முன்பக்கம் பாரமாக இருந்தது. ஒன்றின் பிடி தடிப்பு. ஒன்று எல்லாம் சரியாக இருந்தும் கையில் யாரோ வீட்டுப் பிள்ளை மாதிரி ஒட்டாமல் கிடந்தது. கடைக்காரர்கள் பொறுமையாகத்தான் எடுத்துக் காட்டினார்கள். நான்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு குற்றம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

"ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணலாம்" என்றார் என் கணவர். சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு சந்தோசம் தெரிந்தது. எனக்குக் கோபம் வந்ததே அந்தச் சந்தோசத்தைப் பார்த்துத்தான். கடிதம் காலாவதியாகிப் போகட்டும் என்று அவர் காத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். இரண்டாம் முறை விண்ணப்பிக்க அந்த வீட்டில் நான் இன்னொரு யுத்தம் நடத்த வேண்டியிருக்கும்.

நான் எங்கள் சனத்தின் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஓர் அழகு நிலையத்தில் வேலை செய்கிறேன். நூலால் புருவம் எடுப்பேன். கலியாணக் காலத்தில் மணப்பெண் அலங்காரம். நாற்பத்தாறு வயது. துப்பாக்கி பிடிக்கிற ஆளா இது என்று பார்க்கிறவர்கள் யோசிப்பார்கள். நானும் யோசித்தேன்தான்.

தொடக்கம் இப்படித்தான். மூன்று வருடத்துக்கு முன், செப்டெம்பர் மாதம் மெரியில், எங்கள் நகரசபையில், சங்கங்கள் எல்லாம் மேசை போட்டு ஆள் சேர்க்கிற நாளில், மகளை நீச்சலுக்குப் பதியப் போனேன். நீச்சல் மேசைக்கு நீண்ட வரிசை. பக்கத்து மேசையில் சுடும் கழகம். அங்கே ஒருவரும் இல்லை. அங்கே நின்றவர் என்னைப் பார்த்துச் சிரித்து ஒரு காற்றுத் துப்பாக்கியை நீட்டினார். வரிசையில் நிற்கிற எரிச்சலில் வாங்கினேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்துங்கள், விசையைத் தொடுங்கள், அவசரப்படாதீர்கள் என்றார். நூல் போடும்போது நான் நாள் முழுக்கச் செய்வது அதைத்தான். மூச்சு ஆடினால் நூல் ஆடும், நூல் ஆடினால் அக்காமாரின் புருவம் போய்விடும். மூச்சை நிறுத்தினேன். அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை இரைச்சலும், பிள்ளைகளின் அழுகையும், ஒலிபெருக்கியும் எங்கேயோ போய்விட்டன. ஒரு சின்னக் கறுப்பு வட்டம் மட்டும் என் முன்னால் நின்றது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என் தலைக்குள் ஒருவரும் பேசவில்லை. அப்படி ஒரு அமைதி இந்த உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

குண்டு வட்டத்துக்கு வெளியே எங்கோ போனது. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

ஒபர்வில்லியேயில் ஒரு விளையாட்டு மண்டபத்தின் நிலவறையில் கழகம். சனிக்கிழமைக் காலைகளில் போய்வந்தேன். வீட்டில் சொன்ன நாள் கணவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நாங்கள் எதுக்குப் பயந்து இஞ்சை ஓடி வந்தனாங்கள்? உமக்கு என்ன விசரே?"

நியாயமான கேள்வி. மூன்று நாள் கழித்துப் பதில் சொன்னேன். "நான் ஆளைச் சுடேல்லையப்பா. கடதாசியைத்தான் சுடுறன்."

அவருக்கு அது பதிலாகவே படவில்லை. ஆனாலும் துப்பாக்கி வைக்கச் சட்டப்படி இரும்புப் பெட்டி வேண்டும் என்று வந்தபோது, அவரும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும்தான் லிஃப்ட் இல்லாத நாலாம் மாடிக்கு அதைச் சுமந்தார்கள். மாடிக்கு மாடி கதவு திறந்து சனம் பார்த்தது. அடுத்த கிழமை என்னிடம் புருவம் எடுக்க வந்தவர்கள், எங்கள் வீட்டில் நகை குவிந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டதாகச் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஓம் அக்கா, கிலோக் கணக்கிலை கிடக்கு என்று சொல்லிவைத்தேன்.

ஐந்தாவது கடைக்கு மகளும் வந்தாள். இருபது வயது. தாதிப் படிப்பு. தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். அன்றைக்குச் சனிக்கிழமை, அவளுக்கு வகுப்பு இல்லை. "நீங்கள் இதையும் வேண்டாமென்று சொல்லப் போகிறீர்கள், அதைப் பார்க்க வருகிறேன்" என்றாள் பிரெஞ்சில். கார் து நோர் நிலையத்தில் RER D ரயில் எடுத்து வடக்கே போனோம்.

சின்னக் கடை. மணி அடித்தால் உள்ளே இருந்து பார்த்துத்தான் கதவைத் திறப்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கைத்துப்பாக்கிகள் வரிசையாக இருந்தன. நான்கு கடை பார்த்தும் அந்தக் காட்சி எனக்குப் பழகவில்லை. ஊரில் நான் பார்த்த துவக்குகள் எல்லாம் யாரோ ஒருவரின் தோளில் தொங்கின. கண்டால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடப்போம். அவற்றின் வடிவத்தை ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இங்கே முதல் தடவையாகப் பார்க்கிறேன். இரும்போடு இரும்பு சேர்கிற இடத்தில் ஒரு மயிர் நுழைய இடமில்லை. அவ்வளவு நுணுக்கமாக ஒரு பொருளை மனுசர் செய்கிறார்கள், அதுவும் பத்து மீற்றருக்கு, இருபத்தைந்து மீற்றருக்கு அப்பால் ஒரு கடதாசியில் ஓட்டை போட. மலைப்பாக இருந்தது.

கடைக்காரர் முப்பது வயதுக்காரர். தலைமயிரைக் குடுமியாகக் கட்டியிருந்தார். என் கடிதத்தையும் கழக அட்டையையும் கணினியில் சரிபார்த்துவிட்டு, பொயிண்ட் இருபத்திரண்டு அளவு ரவை, அந்தச் சின்னத் தோட்டா, போடுகிற ஒரு விளையாட்டுத் துப்பாக்கியை எடுத்தார். முதல் துப்பாக்கிக்கு அதுதான் நல்லது, உதைக்காது என்றார். ரவைக்கூட்டைக் கழற்றி, உள்ளே வெறுமையாக இருப்பதைக் காட்டி, நீட்டினார்.

நான் வலக்கையால் வாங்கினேன். இடக்கை தன்பாட்டில் வலது முழங்கைக்குக் கீழே போய்த் தொட்டுக்கொண்டது.

அவர் அதைப் பார்த்தார். இரண்டாவதை நீட்டினார். அதையும் அப்படியே வாங்கினேன். மூன்றாவதுக்கு, "மதாம், கையில் வலி ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. மகள் சிரித்துவிட்டாள். "இல்லை, அது மரியாதை. கோயிலில் ஐயரிடம் திருநீறு வாங்குகிற மாதிரி வாங்குகிறா" என்று பிரெஞ்சில் விளக்கம் கொடுத்தாள். கடையில் நின்ற இன்னொருவரும் திரும்பிப் பார்த்தார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. துவக்கு வாங்குகிறேனா, பிரசாதம் வாங்குகிறேனா?

வழக்கம்போலத் துப்பாக்கியை நீட்டிக் குறி பார்த்தேன். வழக்கம்போலக் கழுத்து வலப்பக்கம் சாய்ந்தது. கழகத்திலும் அந்தக் கழுத்தைப் பற்றித்தான் ஓயாமல் சொல்வார்கள். மூன்று வருடமாக என் குண்டுகள் கடதாசி முழுக்கப் பரவித்தான் விழுந்தன. ஒழுங்காகப் பிடிக்கிறேன், பாதுகாப்பாக நடக்கிறேன் என்பதால்தான் அனுமதிக்குக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். நான் துப்பாக்கியைக் கீழே வைத்து, "இதன்ர பிடி சரியில்லை" என்று மகளிடம் சொன்னேன்.

கடைக்காரர் பிடியைக் கழற்றி மாற்றிப் பார்க்கலாம் என்று ஒரு சின்னத் திருகாணியைக் கழற்றினார். அது மேசையில் உருண்டு விளிம்பால் விழுந்தது. நிலத்தைத் தொட முதல் நான் அதைப் பிடித்துவிட்டேன்.

இடக்கையால்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு என்னை இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஓட்டை விட்டு, அதனூடாகச் சுவர் மணிக்கூட்டைப் பார்க்கச் சொன்னார். ஒரு கண்ணை மூடச் சொன்னார். வலக்கண்ணை மூடினால் மணிக்கூடு அப்படியே நின்றது. இடக்கண்ணை மூடினால் மணிக்கூட்டைக் காணவில்லை. மூன்று தரம் செய்தோம். மூன்று தரமும் அப்படித்தான்.

"உங்களுக்குக் குறி பார்க்கிற கண் இடதுகண். நீங்கள் இடக்கைக்காரரா?"

"இல்லை" என்றேன். பட்டென்று சொன்னேன்.

"ஓம்" என்றாள் மகள், தமிழில். பிறகு அவரைப் பார்த்துப் பிரெஞ்சில், "அம்மா இடக்கைதான். நானும்தான். இரண்டு பேரையும் மாற்றிவிட்டார்கள். அம்மாவை அம்மம்மா மாற்றினா. என்னை அம்மா மாற்றினா."

"வாயைப் பொத்து" என்றேன். பொது இடத்தில் பிள்ளையிடம் நான் அப்படிக் கதைப்பதில்லை. கடைக்காரருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் தொனி விளங்கியிருக்கும். பிடியையும் திருகாணியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்த கதைதான். ஏடு தொடக்கி முதல் எழுத்து எழுதவைத்த நாள் அரிசியில் நான் இடக்கையை வைத்தேனாம். அன்றைக்குத் தொடங்கியது. சோற்றில் இடக்கை போனால் அடி. யாருக்கும் ஒன்றை இடக்கையால் நீட்டினால் அடி. கழுவுகிற கை, கூடாத கை, பீச்சக்கை. ஏழு வயதில் நான் திருந்திவிட்டேன். ஆனால் அந்தக் கை சாகவில்லை. மணப்பெண்ணின் கண்ணுக்கு மை தீட்டுவது இன்றைக்கும் என் இடக்கைதான். கதவைச் சாத்திவிட்டுச் செய்வேன். தாய்மார் உள்ளே வந்தால் தூரிகையை வலக்கைக்கு மாற்றிவிடுவேன். பொட்டு மட்டும் எல்லோர் முன்னாலும், வலக்கையால். என் மை கோணாமல் நிற்கிறது என்று லா சப்பல் முழுக்கப் பெயர். யாருடைய கை என்று ஒருவருக்கும் தெரியாது.

மகள் விசயம் வேறு. அவளுக்கு மூன்று வயதில், இங்கே பாலர் பள்ளி ஆசிரியை என்னைக் கூப்பிட்டுச் சொன்னா: பிள்ளை இடக்கையால்தான் வரைகிறாள், நன்றாக வரைகிறாள், தயவுசெய்து மாற்றாதீர்கள். நான் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து என் வேலையைத் தொடங்கினேன். கரண்டியைப் பிடுங்கி மற்றக் கையில் வைப்பேன். பென்சிலைப் பிடுங்கி மற்றக் கையில் வைப்பேன். கேட்காத நாட்களில் அகப்பைக் காம்பால் விரலில் தட்டினேன். வெள்ளைக்காரிக்கு எங்கடை பழக்கவழக்கம் என்ன தெரியும் என்று நினைத்தேன். இரண்டு வருடத்தில் அவளும் திருந்திவிட்டாள். வரைவதை மட்டும் விட்டுவிட்டாள். அதை நான் அப்போது ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை.

கடைக்காரர் மூன்று பிடிகளோடு திரும்பி வந்தார். ஒன்று வலக்கைக்குச் செதுக்கியது. ஒன்று இடக்கைக்கு, அது காட்டுவதற்கான மாதிரி மட்டும், வேண்டுமென்றால் வரவழைக்க வேண்டும், பத்து நாள் ஆகும். மூன்றாவது இரண்டு கைக்கும் பொதுவானது. மிக மெதுவாகச் சொன்னார்: "பொதுவானதை எடுத்தால் நீங்கள் இப்போது முடிவெடுக்கத் தேவையில்லை, மதாம். இன்றைக்கே கொண்டுபோகலாம்."

நல்ல பிள்ளை. எனக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் தந்தார். கடிதமும் பிழைக்கும், மானமும் பிழைக்கும். ஓம் என்று சொல்ல வாய் திறந்தேன்.

மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூட இல்லை. இவ என்ன சொல்லுவா என்று தெரியும் என்கிற மாதிரி ஒரு பார்வை. கோபப்பட்டிருந்தால் நான் திருப்பிக் கோபப்பட்டிருப்பேன்.

"இடக்கையாலை ஒருக்கால் சுட்டுப் பார்க்கலாமோ என்று கேள்" என்றேன். எனக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வியை என் வாயால் கேட்க முடியவில்லை. அவள் கேட்டாள்.

கடைக்குக் கீழே சுட்டுப் பார்க்க ஒரு நீண்ட ஒடுங்கிய அறை இருந்தது. காதுமூடி, கண்ணாடி போட்டோம். மகள் பின்னால் கோட்டுக்கு அப்பால் நின்றாள். கடைக்காரர் இடக்கைப் பிடியைப் பூட்டி, துப்பாக்கியை மேசையில் வைத்தார். ஐந்து ரவை.

இடக்கையை வைத்தேன்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பிடியின் மரம் கைக்குள் வந்து இருந்துகொண்டது. பெருவிரலுக்கு ஓர் இடம், உள்ளங்கைக்கு ஓர் இடம், எல்லாம் எனக்காக முதலே வெட்டி வைத்தது மாதிரி. கையை நீட்டினேன். கழுத்து நேராக நின்றது. குறி தேடி வரத் தேவையில்லாமல் என் கண்ணுக்கு முன்னாலேயே நின்றது. மூன்று வருடம் நான் கழுத்தை வளைத்துத் தேடிய இடம். நாற்பது வருடமாக ஒருவரும் வெளிப்படையாக ஒரு நல்ல காரியத்துக்குக் கூப்பிடாத கை, கூப்பிட்டதும் ஒரு முறைப்பாடும் சொல்லாமல் வந்து நின்றது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன்.

ஐந்தும் சுட்டு முடிய, கடைக்காரர் கடதாசியை இழுத்து எடுத்தார். நடுவட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஐந்து ஓட்டையையும் ஒரு தேசிக்காயால் மூடலாம். அவர் விசில் அடித்தார். நான் சுவரைப் பார்த்து நின்று அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். அது சந்தோசம் மட்டுமில்லை. இப்படி ஒரு கையை என்னிடம் இருந்து எடுத்தார்கள் என்று இருந்தது. அதற்குள்ளேயே, இதைத்தானே நான் அவளிடம் இருந்து எடுத்தேன் என்றும் வந்தது. அதற்குப் பிறகு என்னிடம் இருந்து எடுத்ததை நினைக்க நேரமில்லை.

மேலே வந்து இடக்கைப் பிடியோடு வேண்டும் என்று நானே பிரெஞ்சில் சொன்னேன். கடைக்காரர் எழுதிக்கொண்டார். பத்து நாளில் வந்து எடுக்கலாம், கடிதத்துக்கு இன்னும் நாள் கிடக்கிறது.

கார் து நோரில் இறங்கி நடக்கும்போது, "மன்னிச்சுக்கொள் பிள்ளை" என்றேன். எங்கள் வீடுகளில் தாய்மார் பிள்ளைகளிடம் சொல்லுகிற வசனம் இல்லை இது. எனக்கே காதில் புதிதாகக் கேட்டது. அவள் தொலைபேசியைப் பார்த்தபடி நடந்தாள். கேட்டாளா என்று தெரியவில்லை.

பசி. லா சப்பலில் வழக்கமாகச் சாப்பிடுகிற கடைக்குள் போய் மசாலாத் தோசை இரண்டு சொன்னோம். சனிக்கிழமை என்றால் சொல்ல வேண்டுமா, கடை நிறைந்த சனம். பக்கத்து மேசையில் என்னிடம் மாதாமாதம் புருவம் எடுக்கிற ஓர் அக்கா இருந்தா. அவவுடைய மகளுக்கு ஆவணியில் கலியாணம், அலங்காரம் நான்தான். தலையாட்டிச் சிரித்துக்கொண்டோம்.

தோசை வந்தது. மகள் தட்டைப் பார்த்தபடி, வெகு நாளைக்குப் பிறகு தானாகத் தமிழில் கேட்டாள்.

"அம்மா, இப்ப நான் எந்தக் கையாலை சாப்பிட?"

பகிடி விடுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை.

"உனக்கு எது வருதோ அது" என்றேன்.

அவள் எழும்பிப் போய்க் கை கழுவிவிட்டு வந்தாள். இடக்கையால் தோசையைப் பிய்த்தாள். என் கை என்னை அறியாமல் பாதி மேசைக்குப் போய்விட்டது, அவளின் கையைப் பிடித்து மாற்ற. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். என் கையை நானே இழுத்து மடியில் வைத்தேன்.

எனக்கு வந்த மாதிரி அவளுக்கு வரவில்லை. தோசை கிழிந்தது. சாம்பார் மேசையில் சிந்தியது. கிழங்குத் துண்டு வாய்க்குப் போக முதல் விழுந்தது. என் கைக்காவது கதவைச் சாத்திவிட்டுச் செய்ய ஒரு வேலை இருந்தது. அவளின் கைக்கு அதுவும் இருக்கவில்லை. இருபது வயதுப் பிள்ளை இரண்டு வயதுப் பிள்ளையைப் போலச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், நிறுத்தாமல்.

பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்தா. "என்ன பிள்ளை, இடக்கையாலை? அம்மா உமக்குப் பழக்கேல்லையே?"

சுற்றி இரண்டு மூன்று மேசை திரும்பியது.

"பழக்கினனான் அக்கா" என்றேன். "பிழையாப் பழக்கிப்போட்டன்."

மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளின் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை. சாம்பார் ஒழுகுகிற அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.